பெல்லோஸ் எவ்வளவு நீளும்?

காய்ந்த தாமரைப் பொகுட்டு ஒன்று பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. குறுக்களவு சுமார் 9 செ.மீ. விதை உதிர்ந்த குழிகள், ஒவ்வொரு குழியின் உதட்டிலும் சுருங்கி மடிந்த தோல், ஓரத்தில் பூச்சி அரித்த ஒரு பிளவு. இதை 4×5 அங்குல ஃபிலிமில் நிரப்பி எடுக்க வேண்டும் என்று முதல்முறை முக்காலியைப் போட்டபோது கேமராவில் 210 மி.மீ. லென்ஸ் இருந்தது. மலைகளையும் கோபுரங்களையும் கூர்மையாகக் கொடுத்த லென்ஸ். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பெல்லோஸை இழுத்தேன். 30 செ.மீ. வந்ததும் அது நின்றுவிட்டது. தேய்த்த கண்ணாடியில் பொகுட்டு 4 செ.மீ. அகலத்துக்குத் தலைகீழாகத் தெரிந்தது. சுற்றிலும் வெறும் மேசை.

அன்றிரவு நான் செய்த முதல் காரியம், 'மேக்ரோ' என்று பெயர் பொறித்த லென்ஸ்களின் விலையைத் தேடியது. லார்ஜ் ஃபார்மட் கேமராவில் அண்மைப் படம் எடுக்கக் கிளம்புகிற பலரும் இதைத்தான் செய்கிறார்கள். முதலில் லென்ஸின் பெயர், மற்றதெல்லாம் அப்புறம். 35 மி.மீ. கேமராவில் கை பழகியவர்களுக்கு இது இயல்பு. அங்கே மேக்ரோ லென்ஸின் உடலுக்குள்ளேயே நீளும் ஏற்பாடு இருக்கிறது. லென்ஸை வாங்கினால் நெருக்கத்தையும் சேர்த்தே வாங்கியாகிவிட்டது. லார்ஜ் ஃபார்மட்டில் லென்ஸ் என்பது ஒரு பலகையில் பொருத்திய கண்ணாடித் தொகுதி, அவ்வளவுதான். நெருங்கும் வேலையைச் செய்வது பெல்லோஸ். அதனால் கேள்வியின் வரிசையையே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. பெல்லோஸ் எவ்வளவு நீளும், எடுக்கும் பொருள் தட்டையா திரண்டதா, எவ்வளவு நேரம் அது அசையாமல் இருக்கும் என்ற மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு லென்ஸுக்கு வந்தால், பாதிப் பேருக்குப் புது லென்ஸே வேண்டியிருக்காது.

கணக்கு எளிமையானது. பொருள் எத்தனை மடங்காக ஃபிலிமில் விழ வேண்டுமோ, அதோடு ஒன்றைக் கூட்டிக் குவியத்தூரத்தால் பெருக்கினால் தேவையான பெல்லோஸ் நீளம் கிடைத்துவிடும். அசல் அளவிலேயே, அதாவது ஒன்றுக்கு ஒன்றாக விழ வேண்டுமென்றால் குவியத்தூரத்தைப் போல இரண்டு மடங்கு. என் 210 மி.மீ. லென்ஸுக்கு 42 செ.மீ. வேண்டும். என் கேமராவின் 30 செ.மீ.யில் அது அசலில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல்தான் தரும். அதே 30 செ.மீ.யில் 150 மி.மீ. லென்ஸ் அசல் அளவைத் தொட்டுவிடும். 120 மி.மீ. ஒன்றரை மடங்குக்குப் போகும். 90 மி.மீ. இரண்டே கால் மடங்கையும் தாண்டும். ஆக, மடித்து எடுத்துப் போகும் மரக் கேமராவில் அண்மைப் படம் வேண்டுமென்றால் குட்டை லென்ஸ் போட வேண்டும். மோனோரெயில் கேமராவில் தண்டவாளத்தையும் பெல்லோஸையும் கூட்டிக்கொண்டே போகலாம் என்பதால் அங்கே இந்த நெருக்கடி குறைவு. இதைக் கணக்கில் எடுக்காமல் லென்ஸுக்குச் செலவழிக்கிறவர்கள், 180 மி.மீ. மேக்ரோ லென்ஸை வாங்கி வந்து, அது 36 செ.மீ. கேட்கிறது என்று அதன்பிறகு தெரிந்துகொள்கிறார்கள்.

சிலர் டெலிஃபோட்டோ லென்ஸ் பெல்லோஸை மிச்சப்படுத்தும் என்று நம்புகிறார்கள். தொலைவுக் காட்சிக்கு அது உண்மை. நெருங்கும்போது கூடுதலாக இழுக்க வேண்டிய நீளம் மட்டும் முழுக் குவியத்தூரத்தைப் பொறுத்தே அமையும். அசல் அளவுக்குப் போக 360 மி.மீ. டெலிஃபோட்டோவுக்கு இன்னும் 36 செ.மீ. இழுத்தாக வேண்டும். அதோடு அந்த வகை லென்ஸ்கள் தொலைவுக்கென்றே திருத்தப்பட்டவை. அண்மையில் அவற்றின் கூர்மை சட்டென்று விழுந்துவிடும். முன்னால் திருகும் க்ளோஸ்-அப் கண்ணாடி பெல்லோஸ் இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டும். இரட்டைக் கண்ணாடியால் ஆன நல்ல ரகமாக இருந்தால் பயணத்தில் உதவும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

குட்டை லென்ஸ் போடு என்று சொல்லிவிட்டு அதன் விலையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அசல் அளவில் லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள தூரமும் குவியத்தூரத்தைப் போல இரண்டு மடங்குதான். 150 மி.மீ. லென்ஸ் பொகுட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கும். 300 மி.மீ. லென்ஸ் என்றால் 60 செ.மீ. பக்கத்தில் நின்று பார்த்தால் முன்னால் இருப்பது பெருத்தும் பின்னால் இருப்பது சிறுத்தும் தெரிவது கண்ணுக்கே தெரிந்த விஷயம். பொகுட்டின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 3 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 30 செ.மீ. தூரத்திலிருந்து அந்த இரண்டு விளிம்புகளின் அளவில் பத்தில் ஒரு பங்கு வேறுபாடு விழும். 60 செ.மீ.யிலிருந்து அது பாதியாகும். ஒரு கொட்டையையோ சங்கையோ அமைதியான வடிவமாகக் காட்ட நினைப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. 90 மி.மீ. அகலக்கோண லென்ஸை இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தால் பொருள் லென்ஸின் மூக்கிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் வந்துவிடும். லென்ஸின் நிழலே பொருளின் மீது விழும், விளக்கு வைக்க இடம் இருக்காது. நீண்ட லென்ஸுக்கு மாறினால் இந்தத் தொல்லைகள் தீரும். ஆனால் 60 செ.மீ. இழுத்த பெல்லோஸ் நடுவில் தொய்ந்து ஒளியின் ஓரத்தை வெட்டும், சின்னக் காற்றுக்கும் பாய்மரம் போல் ஆடும், ஒரு முக்காலி போதாமல் இன்னொன்று கேட்கும். 4×5 கேமராவில் அசல் அளவுக்கு 150 முதல் 210 வரைதான் நான் ஒப்புக்கொள்ளும் எல்லை. பெல்லோஸ் இடம் கொடுத்தால் 210.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஃபிலிமை வீணாக்குகிறார்கள். லென்ஸ் ஃபிலிமிலிருந்து விலக விலக அதே ஒளி பெரிய பரப்பில் பரவி மங்கும். அசல் அளவில் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதாவது இரண்டு ஸ்டாப் இழப்பு. லென்ஸின் வளையத்தில் எஃப் 22 என்று இருந்தாலும் ஃபிலிமுக்கு அது எஃப் 44. இதைச் சூத்திரத்தால் கணக்கிடத் தேவையில்லை. பொருளின் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, அதில் 5 செ.மீ. தேய்த்த கண்ணாடியில் எத்தனை சென்டிமீட்டராக விழுகிறது என்று இன்னோர் அடிக்கோலால் அளந்தால் மடங்கு தெரிந்துவிடும். ஒன்றைக் கூட்டி, வந்ததை வந்ததாலேயே பெருக்கினால் எக்ஸ்போஷரை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பது கிடைக்கும்.

நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் சோம்பிப்போவது இதோடு சேர்ந்துகொள்கிறது. என் ஜன்னல் வெளிச்சத்தில் மீட்டர் எஃப் 22க்கு இரண்டரை வினாடி என்றது. பெல்லோஸுக்காக நான்கு மடங்காக்கினால் 10 வினாடி. ட்ரை-எக்ஸ் ஃபிலிமுக்குக் கோடாக் கொடுத்திருக்கும் அட்டவணைப்படி 10 வினாடிக்கு 50 வினாடி கொடுக்க வேண்டும். இரண்டரை வினாடி என்று நினைத்த வேலை ஒரு நிமிடத்தை நெருங்கிவிட்டது. இந்த நிலையில் லென்ஸில் எவ்வளவு வேகமான ஷட்டர் இருக்கிறது என்று பார்ப்பதில் பொருளே இல்லை. மூடியைக் கழற்றி, எண்ணி, திரும்ப மூடினால் போதும். ஷட்டர் இல்லாத பழைய லென்ஸ்களை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

லென்ஸின் கூர்மையைப் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் மறந்துவிடுகிற ஒன்று இங்கேதான் வருகிறது. அசல் அளவில் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. எஃப் 22இல் முன்னும் பின்னும் சேர்த்து 9 மி.மீ. அளவுக்குத்தான் கிடைக்கும். ஃபிலிமில் ஒரு புள்ளி 0.1 மி.மீ. வரை விரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக் கணக்கிட்டது இது. குவியத்தூரத்தை மாற்றினாலும் இந்த ஆழம் கூடாது, குறையாது. அதே மடங்கு, அதே எஃப் எண் என்றால் 120க்கும் 300க்கும் ஒரே ஆழம்தான். குட்டை லென்ஸ் போட்டால் ஆழம் கூடும் என்று சொல்லக் கேட்டு வாங்கியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஆழம் வேண்டுமென்றால் துளையை இன்னும் சுருக்க வேண்டும். எஃப் 45க்குப் போனால் ஆழம் இரட்டிக்கும். ஆனால் அசல் அளவில் அது எஃப் 90 ஆகிவிடும். சிறு துளையின் ஓரத்தில் ஒளி விரிந்து பரவும் விளிம்பு விளைவால் ஒவ்வொரு புள்ளியும் 0.12 மி.மீ. வட்டமாகப் பரவும். நாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்த எல்லையை அது தாண்டிவிட்டது. உலகின் மிகச் சிறந்த லென்ஸும் அந்தத் துளையில் சாதாரண லென்ஸைவிடக் கூர்மையாக வரையாது. இயற்பியல் இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

1932இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சில படக்கலைஞர்கள் தங்கள் குழுவுக்கு எஃப் 64 என்று பெயர் வைத்தார்கள். எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம், ஆன்சல் ஆடம்ஸ் ஆகியோர் அதில் இருந்தார்கள். அந்தப் பெயரை நினைத்து, துளையைச் சுருக்கச் சுருக்கக் கூர்மை கூடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. வெஸ்டன் 8×10 அங்குல ஃபிலிமில் எடுத்து, பெரிதாக்காமல் ஃபிலிமைத் தாளோடு ஒட்டவைத்தே அச்சிட்டார். 1930இல் அவர் எடுத்த 30ஆம் எண் மிளகாய்ப் படத்தைப் பாருங்கள். தகரப் புனலுக்குள் குடைமிளகாயை வைத்து, புனலின் உட்புறத்திலிருந்து சுற்றிவரும் ஒளியில், சிறிய துளையோடு நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தது. அப்படி அச்சிடும்போது ஃபிலிமில் 0.12 மி.மீ. பரவிய புள்ளி தாளிலும் 0.12 மி.மீ.தான். கையில் பிடித்துப் பார்க்கும் கண்ணுக்கு அது குறையாகப் படாது. நாமோ 4×5 ஃபிலிமை ஸ்கேன் செய்து நாலு மடங்கு பெரிதாக்கிச் சுவரில் மாட்டுகிறோம். அந்தப் புள்ளி அரை மில்லிமீட்டருக்குப் பரவித் தெரியும். வெஸ்டனின் துளையைக் கடன் வாங்குகிறவர் அவருடைய அச்சு முறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எஃப் 22க்கும் 32க்கும் நடுவே நின்றுகொள்வது நல்லது.

அப்படியானால் மேக்ரோ லென்ஸ் வீணா? இல்லை. அது எதைத் திருத்துகிறது என்று தெரிந்து வாங்க வேண்டும். பொதுப் பயன்பாட்டு லார்ஜ் ஃபார்மட் லென்ஸ்கள் தூரத்தில் உள்ள காட்சிக்கும், பொருள் ஃபிலிமில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்காக விழும் தூரத்துக்கும் பொருந்தத் திருத்தப்பட்டவை. ஷ்னைடரின் மேக்ரோ-சிம்மார், ரோடன்ஸ்டாக்கின் அப்போ-மேக்ரோ-சிரோனார், நிக்கோர்-ஏஎம் போன்றவை அசல் அளவைச் சுற்றிய தூரத்துக்கென்று திருத்தப்பட்டவை. இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடியில் பார்த்தது போல் ஒத்திருக்கும் லென்ஸில், அசல் அளவில் முன்பாதி செய்யும் சில பிழைகளைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்து கழித்துவிடுகிறது. நேர்க்கோடு வளைவது, ஓரப் புள்ளிகள் வால் நீட்டுவது, சிவப்பும் நீலமும் வெவ்வேறு அளவில் விழுவது ஆகியவை அப்படிக் கழிந்துபோகும். பால் ருடால்ஃபின் பிளாஸ்மட் அமைப்பிலிருந்து வந்த சிம்மார், சிரோனார், நிக்கோர்-டபிள்யூ, ஃபுஜினான்-டபிள்யூ ஆகிய நம் சாதாரண 150களும் 210களும் இந்த ஒப்புமைக்கு மிக அருகில் இருக்கின்றன. அதனால்தான் அவை நெருக்கத்திலும் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்துகொள்கின்றன. அதே ருடால்ஃப் 1902இல் உருவாக்கிய டெஸ்ஸார் அமைப்புக்கு இந்த ஒப்புமை இல்லாததால் அந்தச் சலுகையும் இல்லை.

நண்பர் ஒருவரிடம் 120 மி.மீ. மேக்ரோ லென்ஸைக் கடன் வாங்கி, என் 150 மி.மீ. சாதாரண லென்ஸோடு ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலில் பொகுட்டு. இரண்டும் எஃப் 22, இரண்டும் அசல் அளவு. பத்து மடங்கு லூப்பில் நெகட்டிவை வைத்து அரைமணி நேரம் பார்த்தும் நடுவில் எது எதனுடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூலைகளில் இருந்தது ஃபோகஸ் இல்லாத மேசைத் துணி. அங்கே லென்ஸின் நல்லதும் கெட்டதும் தெரிய வழியில்லை. பிறகு பழைய பஞ்சாங்கத்தின் ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டி எடுத்தேன். இப்போது வேறுபாடு தெரிந்தது. மேக்ரோ லென்ஸில் ஓரத்து எண்கள் நடுவில் உள்ளவை போலவே வெட்டென்று நின்றன. என் லென்ஸில் ஓரத்துக்குப் போகப் போக மை கொஞ்சம் இளகியது போல் இருந்தது. ஸ்லைடு ஃபிலிமில் எடுத்ததில் ஓரத்துக் கோடுகளின் விளிம்பில் மெல்லிய நிறமும் ஒட்டியிருந்தது. நிறத்துக்கு நிறம் அளவு மாறும் இந்தப் பிழை துளையைச் சுருக்கினாலும் போகாது. அன்று நான் எடுத்த முடிவை இன்றுவரை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை. மேக்ரோ லென்ஸின் அருமை தட்டையான பொருள்களில்தான். சுவடி, ஓவியம், தபால்தலை, அழுத்தி உலர்த்திய தாவரங்கள், துணியின் நெசவு ஆகியவற்றுக்கு அது செலவழித்த காசுக்கு உழைக்கும். திரண்ட பொருள்களுக்கு, அதாவது பூவுக்கும் காய்க்கும் சங்குக்கும், அந்தச் செலவில் பெரும்பகுதி படத்தில் வந்து சேர்வதில்லை. மேலும் குட்டையான மேக்ரோ லென்ஸின் ஒளிவட்டம் அசல் அளவில் விரிந்திருப்பது தொலைவில் பாதியாகச் சுருங்கும். தொலைவுக் காட்சிக்கு அது 4×5 ஃபிலிமை மூடப் போதாமல் போகலாம். ஒரே ஒரு லென்ஸ் வாங்க வசதியுள்ளவர் அதை வாங்கக் கூடாது.

தட்டையான பொருளுக்கு நல்ல லென்ஸ் வேண்டும், காசும் குறைவு என்றால் ஓர் அருமையான வழி இருக்கிறது. ஆஃப்செட் அச்சகங்களில் ஒரு காலத்தில் ஓர் இருட்டறையையே அடைத்துக்கொண்டு நின்ற பிராசஸ் கேமராவை அச்சுத் தொழிலில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வண்ணப் படம் ஒன்றை அச்சிட, வடிகட்டிகளின் வழியே மை நிறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நெகட்டிவ் எடுப்பார்கள். நான்கு நெகட்டிவிலும் படம் இம்மி பிசகாமல் ஒரே அளவில் விழ வேண்டும். இல்லாவிட்டால் அச்சில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. அதற்காகவே அப்போ-ரோனார், கோர்ட்ஸ் ஆர்ட்டார் போன்ற லென்ஸ்களில் எல்லா நிறமும் ஒரே அளவில் விழும்படியும், தட்டையான மூலம் தட்டையாகவே விழும்படியும், அசல் அளவைச் சுற்றிய வேலைக்குப் பொருந்தும்படியும் திருத்தினார்கள். ஸ்கேனர் வந்ததும் அந்தக் கேமராக்கள் பழைய இரும்புக்குப் போயின. லென்ஸ்கள் தப்பித்து, பழைய பொருள் சந்தையில் மேக்ரோ லென்ஸின் விலையில் சிறு பங்குக்குக் கிடைத்தன.

இவற்றின் குறைகளையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை எஃப் 9. அசல் அளவில் அது எஃப் 18 ஆகித் தேய்த்த கண்ணாடி இருண்டுவிடும். எஃப் 5.6 லென்ஸில் எஃப் 11 வெளிச்சத்தில் பார்த்துப் பழகிய கண் இந்த இருட்டில் ஃபோகஸ் பிடிக்கத் திணறும். துணியை இறுக்கிக் கட்டி, கண் பழகும்வரை இரண்டு நிமிடம் காத்திருந்து, பொருளின் மீது டார்ச் அடித்து லூப்பில் பார்க்க வேண்டியிருக்கும். பலவற்றில் ஷட்டர் கிடையாது. அது பெரிய குறையில்லை என்பதை மேலே சொன்னேன். ஷ்னைடரின் ஜி-கிளாரன் வகையில் அந்தக் குறையும் இல்லை. அதன் 150 மி.மீ. கண்ணாடிகள் கோப்பல் 0 ஷட்டரிலும், 210ம் 240ம் கோப்பல் 1 ஷட்டரிலும் நேராகத் திருகிக்கொள்ளும். துளையை நன்றாகச் சுருக்கினால் தொலைவுக் காட்சியையும் ஏமாற்றாது. சிறியது, எடை குறைவு. அண்மைக்கும் தொலைவுக்கும் சேர்த்து ஒரே லென்ஸ் என்று கேட்கிறவருக்கு என் பதில் 210 ஜி-கிளாரன்தான், 42 செ.மீ. பெல்லோஸ் இருந்தால்.

அசல் அளவைத் தாண்டி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகும்போது உறவு தலைகீழாகிறது. இப்போது லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பொருள், தூரத்தில் இருப்பது ஃபிலிம். இந்த வேலைக்கு வீட்டிலேயே கிடக்கும் என்லார்ஜர் லென்ஸைவிடப் பொருத்தமானது குறைவு. சின்னத் தட்டை நெகட்டிவைப் பெரிய தட்டைத் தாளில் விழவைப்பதற்கே அது பிறந்தது. தாளைப் பார்த்த முகம் ஃபிலிமைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டால் தன் பழைய வேலையையே அது செய்கிறது. 6×6 நெகட்டிவுக்கான 80 மி.மீ. லென்ஸின் ஒளிவட்டம் இந்த நெருக்கத்தில் விரிந்து 4×5ஐ மூடிவிடும். இதற்கென்றே செய்த கார்ல் ஸைஸின் லூமினார், லைட்ஸின் ஃபோட்டார் போன்றவை இன்னும் உயர்ந்தவை, விலையும் சேகரிப்பாளர் விலை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நாலு மடங்கை நெருங்கும்போது எஃப் 11இல் கிடைக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

லார்ஜ் ஃபார்மட்டை விட்டுக்கொடுக்க மனம் வராததற்கு உண்மையான காரணம் லென்ஸ் பலகையைச் சாய்க்க முடிவது. சாய்ந்து கிடக்கும் பொருளின் தளம், லென்ஸின் தளம், ஃபிலிமின் தளம் மூன்றும் நீட்டினால் ஒரே கோட்டில் சந்திக்குமாறு அமைத்தால், அந்தச் சாய்ந்த தளம் முழுவதும் தெளிவாக விழும். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளுக் 1904இல் காப்புரிமை பெற்ற முறைக்கு அடிப்படை இதுவே. துளையைச் சுருக்கி ஒளியை இழக்காமலே, பொகுட்டின் சாய்ந்த முகத்தை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை தெளிவாக்கிவிடலாம். நிலக்காட்சியில் இதற்குச் சில பாகைச் சாய்வு போதும். அசல் அளவில் அப்படி இல்லை. பொருளின் தளம் ஃபிலிமோடு 40 பாகை கோணத்தில் இருந்தால் லென்ஸ் சரியாக அதன் பாதியில், 20 பாகையில் சாய வேண்டும். அவ்வளவு சாய்வைப் பல கேமராக்களின் முன்பலகை தாங்காது. ஒளிவட்டம் இந்த நெருக்கத்தில் இரண்டு மடங்காக விரிந்திருப்பது இங்கே கைகொடுக்கிறது. லென்ஸ் தோற்காது, கேமராதான் தோற்கும். தளம் என்று ஒன்று இல்லாத பொருளுக்கு, இதழ் இதழாகச் சுருண்ட ரோஜாவுக்கு, இந்த வித்தை உதவாது.

கேமரா தோற்கும் இன்னோர் இடம் ஃபோகஸ். அசல் அளவில் பொருளுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள தூரம் குவியத்தூரத்தைப் போல நாலு மடங்கு. அதைவிடக் குறைந்தால் படமே சேராது. அந்த நிலையில் முன்பலகையை நகர்த்தினால் படம் பெரிதாகும், சிறிதாகும், தெளிவு மட்டும் பிடிபடாது. அரைநாள் இப்படி முன்னும் பின்னும் திருகிக்கொண்டிருந்தேன். பின்பலகையை நகர்த்த வேண்டும், அல்லது கேமராவை மொத்தமாக நகர்த்த வேண்டும். முன்பலகை மட்டும் நகரும் கேமரா வைத்திருப்பவர் மேக்ரோ லென்ஸுக்கு முன்னால், முக்காலித் தலையில் பொருத்தும் நகரும் தண்டவாளம் ஒன்றை வாங்கட்டும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பவருக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமில் இதே பொகுட்டை நிரப்ப அசலில் கால் பங்கு விழுந்தால் போதும். அங்கே ஒளி இழப்பு ஒரு ஸ்டாப்புக்கும் கீழே. பெரிய ஃபிலிமில் ஆழம் குறைந்துபோகிறது என்று எல்லோரும் சொல்வது பாதிதான் உண்மை. ஒரே இடத்திலிருந்து, ஒரே விட்டமுள்ள துளை வழியாக எடுத்து, ஒரே அளவுக்கு அச்சிட்டால் இரண்டிலும் ஆழமும் ஒன்றுதான், விளிம்பு விளைவும் ஒன்றுதான். அதே ஒளி 16 மடங்கு பரப்பில் பரவுவதால் 16 மடங்கு நேரம் கேட்கிறது பெரிய ஃபிலிம். ஆக நாம் கொடுக்கும் விலை நேரம். அசையாத பொருளுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். பெரிய நெகட்டிவின் நுண்ணிய சாம்பல் நிறப் படிகளும், பெரிதாக்காமல் நேராக அச்சிடும் வாய்ப்பும், சாய்வும் பதிலுக்குக் கிடைக்கின்றன. செடியில் இருக்கும் பூவுக்கு 50 வினாடி கொடுக்க எந்தக் காற்றும் விடாது. அதற்கு டிஜிட்டல் கேமராவில் ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை ஒன்றாக்குவதே அறிவான வழி. அதை இழிவாகப் பேசும் லார்ஜ் ஃபார்மட் பிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பெர்லினில் கைவினைக் கலைப் பள்ளியில் பாடம் நடத்திய கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட், தானே செய்த கேமராவில் பல பத்தாண்டுகள் செடிகளின் தண்டுகளையும் மொட்டுகளையும் சுருண்ட பெரணிக் கொழுந்துகளையும் எடுத்தார். அவற்றில் 120 படங்கள் 1928இல் ஊர்ஃபார்மன் டேர் குன்ஸ்ட் என்ற நூலாக வந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தன. அந்தப் படங்களில் செடிகள் மண்ணிலோ காற்றிலோ இல்லை. வெட்டி எடுத்து, தேவையற்ற இலையை நீக்கி, வெறும் பின்னணியில் நிறுத்தப்பட்டவை. தன் கருவியால் எதை எடுக்க முடியுமோ அதற்கேற்பப் பொருளை அவர் தேர்ந்தெடுத்துத் தயார்செய்தார். லென்ஸைத் தேடுவதற்குச் செலவிடும் உழைப்பில் பாதியை இந்தத் தயாரிப்பில் செலவிட்டாலே நம் படங்கள் மாறிவிடும் என்று அந்த நூலின் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் தோன்றுகிறது.

பொகுட்டை இறுதியில் அந்த 150 மி.மீ. சாதாரண லென்ஸில்தான் எடுத்தேன். மின்விசிறியை நிறுத்தி, தெருவில் பேருந்து போய் முடியும்வரை காத்திருந்து, மூடியைக் கழற்றி ஐம்பது எண்ணினேன். குழிகளின் உதடுகள் எல்லாம் வந்திருந்தன, பூச்சி அரித்த பிளவும் வந்திருந்தது. இப்போது அந்தப் பிளவை மட்டும் மூன்று மடங்காக எடுக்க ஆசை. 63 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் ஒன்று கைவசம் இருக்கிறது. அதற்கு 25 செ.மீ. பெல்லோஸ் போதும், என் கேமரா அதைத் தாராளமாகத் தரும். ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைவதால் ஜன்னலை நம்ப முடியாது. லென்ஸுக்கும் பொகுட்டுக்கும் நடுவே 8 செ.மீ. இடம் இருக்கும். அதற்குள் ஒரு விளக்கை எப்படி நுழைப்பது என்று ஒரு வாரமாகத் தாளில் படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.